டிரேக் பாசேஜ்: கடலில் போகிற இரண்டு நாளும் வீண்தானா?

2024 மார்ச் 2 (கேள்வி)

அண்டார்டிக்கா கப்பலுக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பதினோரு நாள் பயணம் என்கிறார்கள். அட்டவணையைப் பார்த்தால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள் 'கடலில்' என்று மட்டும் போட்டிருக்கிறது, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிக்காவுக்கும் நடுவே உள்ள டிரேக் பாசேஜ் என்ற கடலாம். ஆக நாலு நாள் காசு கொடுத்து வாந்தி எடுக்க வேண்டும். சிலியிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்குகிறார்களாம், அதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. போய்வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அந்தக் கடல் நாளில் அப்படி என்னதான் செய்கிறார்கள்?

2024 மார்ச் 2, இரவு

நான் இந்த ஜனவரியில் போய்வந்தேன். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, வயது 61, தனியாகப் போனேன். மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் கேபின், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, வட்ட ஜன்னல் வைத்த மலிவான தளம். பால்கனி அறையில் போனவர்கள் வேறு கதை சொல்லக்கூடும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீண் இல்லை தம்பி. முதல் விஷயம், அந்த நாளில் சும்மா உட்கார விடமாட்டார்கள். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவில் மாலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பீகிள் கால்வாய் முடிகிற வரை ஏரியில் போகிற மாதிரிதான், இரண்டு பக்கமும் மலை, சூப் கிண்ணம்கூட அசையவில்லை, இதற்கா இத்தனை பயமுறுத்தினார்கள் என்று சிரித்துக்கொண்டே படுக்கப் போனோம். நள்ளிரவு தாண்டி திறந்த கடலுக்கு வந்ததும் ஆரம்பித்தது. முதலில் என் பல்துலக்கும் டம்ளர் விழுந்தது. அப்புறம் அறையில் இருந்த ஜெர்மன் அம்மாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டி. அப்புறம் மேசை இழுப்பறை தானாகத் திறந்து, தானாக மூடி, மறுபடி திறந்து, விடிய விடிய அதே சத்தம்.

காலையில் ஒலிபெருக்கியில் பயணத் தலைவரின் குரல் வரும். எந்த அட்சரேகையில் இருக்கிறோம், காற்று எவ்வளவு, அலை எவ்வளவு, கடைசியில் 'ஒரு கை உங்களுக்கு, ஒரு கை கப்பலுக்கு'. அதாவது எந்நேரமும் ஒரு கை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளைத் தரையோடு சங்கிலியில் மாட்டியிருப்பார்கள். தட்டு வழுக்காமல் இருக்க மேசை விரிப்பை நனைத்து வைப்பார்கள். பரிமாறுகிற பிலிப்பைன்ஸ் பையன் கையில் நாலு சூப் கிண்ணத்தோடு சாய்வுக்கு எதிர்ச்சாய்வாக நடந்து வருவதைப் பார்த்தாலே காசு சரியாகிவிடும். நடைபாதைக் கைப்பிடிகளில் வாந்திப் பைகளைத் தோரணம் மாதிரி வரிசையாகச் செருகி வைத்திருப்பார்கள்.

ஒன்பது மணிக்கு ரப்பர் பூட்ஸ் அளவு பார்ப்பது. பத்தரைக்குக் கட்டாயக் கூட்டம், வராதவர்களைக் கரையில் இறக்கமாட்டார்கள், கையெழுத்து உண்டு. பெங்குவினிடமிருந்து 5 மீட்டர், ஃபர் சீல் என்ற கடல்நாய் என்றால் 15 மீட்டர், ஒரே நேரத்தில் ஓர் இடத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது, இப்படி. அங்கே போகிற கப்பல் நிறுவனங்கள் 1991இல் சேர்ந்து ஐயாட்டோ என்று ஒரு சங்கம் ஆரம்பித்தன, அவர்கள் வகுத்த விதிகள் இவை. அதிலேயே ஸோடியாக் ரப்பர் படகில் ஏறி இறங்கவும் பழக்குவார்கள். கையைக் கையால் பிடிக்கக்கூடாது, முழங்கைக்குக் கீழே ஒருவர் மணிக்கட்டை ஒருவர் கவ்வ வேண்டும், ஒரு பிடி வழுக்கினாலும் இன்னொன்று இருக்கும். மதியம் துணிகளைச் சுத்தம் செய்யும் சடங்கு (அது தனிக்கதை), பிறகு திமிங்கில உரை, பறவை உரை. இடையில் மேல்தளத்துக்குப் போனால் கப்பலின் பின்னால் ஆல்பட்ராஸ், ஒரு தடவைகூடச் சிறகடிக்காமல் கூடவே வரும். இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கும். விமானத்தில் போனால் இதில் எது கிடைக்கும்?

2024 மார்ச் 3

யாரோ 'அக்கா, 800 கிலோமீட்டர்தானே, அதற்கு ஏன் இரண்டு நாள்' என்று கேட்டிருக்கிறார். 800 என்பது தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையிலிருந்து அண்டார்டிக்காவை ஒட்டிய தெற்கு ஷெட்லாண்ட் தீவுகள் வரை. நாம் கிளம்புவது ஹார்னிலிருந்து இல்லை, உஷுவாயாவிலிருந்து, கால்வாயையும் சேர்த்தால் ஏறக்குறைய 1000. கப்பல் 13 நாட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு 24 கிலோமீட்டர். சைக்கிளை அழுத்தி மிதித்தால் வரும் வேகம். 1000ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள்.

2024 மார்ச் 3, இரவு

முதல் குறிப்பை மறுபடி படித்தேன். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எழுதியது எல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்தக் காலை உணவும் சூப் கிண்ணப் பையனும் இரண்டாம் நாள் பார்த்தவை. முதல் நாள் நான் மாலை ஐந்து மணிவரை படுக்கையை விட்டு எழவே இல்லை. பூட்ஸ் அளவையும் கட்டாயக் கூட்டத்தையும் எனக்கும் என்னைப் போல விழுந்துகிடந்த இன்னும் இருபது பேருக்கும் மறுநாள் தனியாக நடத்தினார்கள், தேர்வில் தவறிய பிள்ளைகளுக்கு மறுதேர்வு வைப்பது மாதிரி.

நடந்தது இதுதான். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: தென்கோளத்தில் மேலைக்காற்றைத் தடுக்க நிலம் இல்லை, அதனால் அந்த அட்சரேகைகளுக்குப் பெயரே கர்ஜிக்கும் நாற்பதுகள், சீறும் ஐம்பதுகள், கதறும் அறுபதுகள். கரும்பலகையில் மூன்று வளைகோடு போட்டு அம்புக்குறி போடுவேன். அந்த அம்புக்குறிக்கு உள்ளே படுத்துக்கிடந்தபோது எனக்கு எந்த அட்சரேகையும் ஞாபகம் வரவில்லை. படுக்கையின் ஓரத்தில் விழாமல் இருக்க ஒரு பலகை இருந்தது, அதில் யாரோ முன்பு வந்தவர் நகத்தால் கீறியிருந்த நாலு கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலுதான். திரும்பத் திரும்ப நாலு.

அலை எத்தனை மீட்டர் என்று அப்போது கேட்கவில்லை. பிற்பாடு கேட்டேன், ஐந்து, ஆறு. 'நடுத்தரம்' என்றார்கள்.

2024 மார்ச் 4

மாத்திரை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

ஊரில் மலைப் பேருந்துக்குப் போடுகிற அதே அவோமின்தான் கொண்டுபோனேன். தப்பு மாத்திரையில் இல்லை, நேரத்தில். குமட்டல் வந்தபிறகு போட்டேன். அது வயிற்றில் நின்றால்தானே வேலை செய்ய! கிளம்புகிற அன்றைக்கே, கால்வாய் அமைதியாக இருக்கும்போதே போட்டிருக்க வேண்டும். கடைசியில் கப்பல் டாக்டர் வந்து ஊசி போட்டார், ஐந்து மணி நேரம் தூங்கினேன், எழுந்ததும் பசித்தது.

காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்கோபோலமைன் பட்டையைத்தான் கப்பலில் முக்கால்வாசிப் பேர் ஒட்டியிருந்தார்கள். எனக்குக் கண் அழுத்தம் எல்லையில் இருக்கிறது என்பதால் ஊர் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். அதை ஒட்டினால் வாய் வறளும். ஒட்டிய விரலைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. எங்கள் அறையின் மூன்றாவது ஆள் ஒரு கொரியக் கல்லூரி மாணவி, தொட்டுவிட்டாள். ஒரு கண்ணின் பாப்பா சாதாரணமாக இருக்க, இன்னொன்று பூனைக்கண் மாதிரி விரிந்துவிட்டது. மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்று அழுதுகொண்டே ஓடினாள். டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே 'எந்தக் கையால் பட்டையை ஒட்டினாய்' என்பதுதானாம்.

பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் எல்லாத் தளத்திலும் கூடையில் இருக்கும். காலி வயிறுதான் எதிரி. மிட்டாய் மாதிரி இஞ்சி வைத்திருந்தார்கள், நம் வீட்டு இஞ்சிமொரப்பா முன்னால் அது நிற்காது.

2024 மார்ச் 4, மாலை

கதவு! இதைச் சொல்லாமல் விட்டேனே. கதவை எப்போதும் கைப்பிடியால்தான் பிடிக்க வேண்டும், நிலைச்சட்டத்தில் விரல் வைக்கவே கூடாது. கப்பல் சாய்ந்தால் அந்த இரும்புக் கதவு விரலை முருங்கைக்காய் மாதிரி நறுக்கிவிடும். கூட்டத்தில் டாக்டர் குமட்டலைப் பற்றி இரண்டு நிமிடமும் கதவைப் பற்றிப் பத்து நிமிடமும் பேசினார்.

2024 மார்ச் 6

துணி சுத்தம் செய்வது தனிக்கதை என்றேன் இல்லையா.

கூடத்தில் ஏழெட்டு வேக்குவம் கிளீனர், பல்குச்சி, பின், சின்ன இடுக்கி. வெளியே போடப்போகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்வார்கள்: ஜாக்கெட், கையுறை, முதுகுப்பை, கேமரா பை, கைத்தடி. பை ஜிப்பின் மடிப்பு, சட்டைப்பையின் அடி, வெல்க்ரோ, எல்லாவற்றையும் உறிஞ்சி, குத்தி, நோண்டி, மண்ணும் விதையும் ஒன்றுகூட இல்லாமல் செய்ய வேண்டும். அப்புறம் ஒருவர் டார்ச் அடித்துப் பார்ப்பார். பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்குவது கரைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு தடவையும் உண்டு.

எனக்கு இது கொஞ்சம் நாடகம் மாதிரிதான் பட்டது. புது ஜாக்கெட், உஷுவாயாவில் வாடகைக்கு எடுத்த பேன்ட், என்னிடம் என்ன விதை இருக்கப்போகிறது? சோதிக்கிற பெண் என் பழைய முதுகுப்பையின் வெல்க்ரோ பட்டையைத் திறந்து, இடுக்கியால் எதையோ எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். நாயுருவி. ஒன்றில்லை, மூன்று. கொள்ளிடக் கரையில் காலையில் நடக்கப் போவேன், அதே பையோடு. எத்தனை மாதமாக ஒட்டிக்கொண்டிருந்ததோ! முள்நுனி ஒடியாமல் அப்படியே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அது என்ன செடி என்று தெரியவில்லை, புடவையில் ஒட்டினால் எப்படி இருக்கும் என்று நான் விளக்க முயன்று தோற்றேன். ஒரு சின்ன உறையில் போட்டு எடுத்துக்கொண்டுபோய்விட்டாள்.

நாயுருவி அந்தக் குளிரில் முளைக்காது என்று அப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் சாயங்கால உரையில் காட்டினார்கள்: நம் புல்தரையில் மிதிபடுகிற ஜாதிப் புல் ஒன்று, போவா ஆனுவா, தெற்கு ஷெட்லாண்டின் கிங் ஜார்ஜ் தீவில் போலந்து ஆய்வு நிலையத்தைச் சுற்றி வேர்பிடித்துவிட்டது, பிடுங்கிப் பிடுங்கி எடுக்கிறார்கள். கண்டத்துக்கு இயற்கையாகப் பூக்கும் தாவரமே இரண்டுதான். ஒரு புல், ஒரு முத்துச்செடி. அங்கே மூன்றாவதாக ஒன்று வந்தால் முப்பத்து மூன்று சதவீதம் அந்நியர் ஆகிவிடுகிறது, கணக்கு டீச்சர் இல்லாவிட்டாலும் இது எனக்குப் புரிந்தது.

இதோடு இன்னொன்று: பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தென்கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவில் வந்துவிட்டதால், கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைத் தரையில் வைக்கவோ கூடாது என்றும் எங்களுக்குச் சேர்த்துச் சொன்னார்கள். 61 வயது முட்டிக்கு அது தனிச்சோதனை.

2024 மார்ச் 7

'ஆல்பட்ராஸ் ஒரு தடவைகூடச் சிறகடிக்காது' என்று எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டார். சரி, மிகை. காற்று இல்லாவிட்டால் அடிக்கும், அல்லது தண்ணீரில் உட்கார்ந்துவிடும். ஆனால் காற்று அடிக்கிற நாளில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பதினொரு நிமிடம், ஒரு அடி இல்லை. தோள்மூட்டில் ஒரு தசைநார் சிறகை விரித்த நிலையிலேயே பூட்டிவிடுமாம், பிடித்துக்கொண்டிருக்கத் தசைக்கு வேலையே இல்லை. தண்ணீரை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு, மேலே போகப் போக அதிகம். எதிர்க்காற்றில் ஏறி, மேலே திரும்பி, காற்றோடு சரிந்து கீழே வந்து, மறுபடி ஏறி. அந்த வேக வித்தியாசத்தைத்தான் அது தின்று வாழ்கிறது. எங்களைப் படுக்கையில் கிடத்திய அதே காற்று.

இப்போது பெரிய தப்பு. நான் அன்று பெருமையாகப் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் பழைய மாணவிகளுக்கெல்லாம் 'மூன்றரை மீட்டர் சிறகு விரிக்கும் வாண்டரிங் ஆல்பட்ராஸ்' என்று அனுப்பினேனே, அது ஆல்பட்ராஸே இல்லை. ஜயன்ட் பெட்ரல். பறவை வழிகாட்டி என் கேமராவில் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: 'இந்த மூக்கைப் பார்த்தீர்களா?' அலகின் மேல் துப்பாக்கிக் குழாய் மாதிரி ஒரு தடித்த குழல். பிணம் தின்னி. என் மாணவிகள் இருபது பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். நான் திருத்தவில்லை. இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

நிஜ வாண்டரிங் மறுநாள் வந்தது. வந்ததும் தெரிந்துவிட்டது, சந்தேகப்பட இடமே இல்லை.

சின்னப் பறவைகளில் எனக்குப் பிடித்தது கேப் பெட்ரல், முதுகில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிதறிய கட்டம். யாரோ கோலமாவைக் கைதவறிக் கொட்டிய மாதிரி.

2024 மார்ச் 9

பெயர் பற்றிக் கொஞ்சம், வாத்தியார் புத்தி விடாது. ஆங்கிலேய மாலுமி டிரேக் இந்த வழியாகப் போகவே இல்லை. 1578இல் அவர் போனது மெகல்லன் நீர்ச்சந்தி வழியாக. அந்தப் பக்கம் வெளியே வந்தபின் புயல் அவரைத் தெற்கே தள்ளிக்கொண்டுபோனது, அங்கே திறந்த கடல் இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால் 1526இல் தெற்கே அடித்துச் செல்லப்பட்ட ஓசெஸ் என்ற தங்கள் மாலுமியின் பெயரால் 'மார் தே ஓசெஸ்' என்பார்கள். கப்பலில் இருந்த அர்ஜென்டினா வழிகாட்டி ஒருவர் 'டிரேக்' என்று சொல்லும்போதெல்லாம் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார். உண்மையில் ஹார்ன் முனையைச் சுற்றிக் கப்பல் ஓட்டியவர்கள் டச்சுக்காரர்கள், ஸ்கௌட்டனும் லெ மேரும், 1616 ஜனவரியில். ஹார்ன் என்பது கொம்பு இல்லை, ஹோர்ன் என்ற அவர்கள் ஊர்ப் பெயர். நான் பல வருஷம் கொம்பு என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். படித்த பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால் மன்னிக்கவும்.

2024 மார்ச் 10

இரண்டாம் நாள் பற்றி இன்னும் சொல்லவில்லை. உண்மையில் நான் 'வீண் இல்லை' என்று அடித்துச் சொன்னது அந்த நாளை வைத்துத்தான்.

கேபினில் ஒரு சின்ன டிவி. அதில் ஒரு சேனலில் கப்பல் இருக்கும் இடம், காற்று, கடல்நீர் வெப்பநிலை மட்டும் ஓடும். படம் எதுவும் கிடையாது. ஜெர்மன் அம்மா (ஓய்வுபெற்ற நர்ஸ், எதற்கும் அசையாதவர், அந்த ஆட்டத்திலும் கம்பளிப் பின்னிக்கொண்டிருந்தார்) அந்த நீர் வெப்பநிலையை நோயாளியின் காய்ச்சல் அட்டை மாதிரி நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். காலை எட்டு மணி 5.8 டிகிரி. பத்து மணி 5.1. பதினொன்றரை 3.6. ஒரு மணிக்கு 1.9.

இதைத்தான் அண்டார்டிக் ஒருங்கல் என்கிறோம். தெற்கிலிருந்து வருகிற குளிர்ந்த நீர் வடக்கின் வெதுவெதுப்பான நீரைச் சந்தித்து அதன் அடியில் புகுந்துகொள்ளும் வளையம், கண்டத்தை முழுக்கச் சுற்றி இருக்கிறது. வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போடுவோம். அங்கே கோடு இல்லை, ஆனால் ஜன்னல் இருட்டியது. பனிமூட்டம் வந்து கப்பலின் மூக்கையே மறைத்துவிட்டது. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குப் போனேன், அங்கே எப்போது வேண்டுமானாலும் போய் நிற்கலாம், பேசாமல் நின்றால் போதும். அதிகாரி ராடாரிலிருந்து கண் எடுக்கவில்லை. வெளியே மேல்தளத்தில் கம்பியைத் தொட்டேன், காலையில் ஈரமாக இருந்தது இப்போது கையுறைக்குள் குத்துகிற மாதிரிக் குளிர்ந்தது. மூக்கில் வாசனைகூட மாறிவிட்டது, அல்லது மாறியதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடலில் கண்டத்தைச் சுற்றி ஓடுகிற நீரோட்டம் உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து கொட்டுவதைப் போல நூறு மடங்குக்கு மேல். தென் அமெரிக்காவும் அண்டார்டிக்காவும் பிரிந்து இந்த வழி திறந்தபின்தான் அந்த வளையம் முழுதானது. அதை எத்தனை வருஷம் பாடம் எடுத்தாலும், காய்ச்சல் அட்டை மாதிரி எண் இறங்குவதைப் பார்க்கிற வரை அது எனக்கு ஒரு புள்ளிக்கோடுதான். இரண்டு மணி நேர விமானத்தில் இதன் மேலே பறந்துபோயிருப்பேன், ஜூஸ் குடித்துக்கொண்டு.

2024 மார்ச் 10, பிற்சேர்க்கை

முதல் பனிப்பாறை எப்போது தெரியும் என்று போட்டி வைத்தார்கள், தேதி, நேரம், அட்சரேகை எழுதிப் பெட்டியில் போட வேண்டும், பரிசு ஒரு பாட்டில். நான் நீர் வெப்பநிலை, வேகம், தூரம் எல்லாம் கணக்குப்போட்டு எழுதினேன். கொரியப் பெண் தன் பிறந்தநாள் எண்களை எழுதினாள். அவள்தான் ஜெயித்தாள். அவள் குடிக்கமாட்டாள், பாட்டில் ஜெர்மன் அம்மாவுக்குப் போனது.

2024 மார்ச் 12

பாதுகாப்பு பற்றிக் கேட்டவருக்கு: கிளம்பிய அன்றே உயிர்காப்புப் பயிற்சி உண்டு, மூடிய ஆரஞ்சுப் படகு, உள்ளே முழங்காலோடு முழங்கால் இடிக்கும். விபத்து நடந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். இந்த வகைப் பயணத்துக்கென்றே 1969இல் கட்டிய 'எக்ஸ்ப்ளோரர்' என்ற சின்னச் சிவப்புக் கப்பல் 2007 நவம்பர் 23இல் தெற்கு ஷெட்லாண்ட் பக்கம் பனியில் மோதி மூழ்கியது. உள்ளே இருந்த 154 பேரும் பிழைத்தார்கள், கடல் அன்று அமைதியாக இருந்தது, பக்கத்தில் வேறு கப்பல் இருந்தது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் என்ன என்று நீங்கள் யோசிப்பதைத்தான் நானும் யோசித்தேன்.

2024 மார்ச் 13

விமானம் பற்றி நான் கொஞ்சம் அநியாயமாகப் பேசிவிட்டேன் என்று இப்போது படுகிறது. ஒரு அம்மா எழுதியிருக்கிறார், கணவருக்கு இதய அறுவை முடிந்திருக்கிறது, நாலு நாள் வாந்தி அவருக்கு ஆகாது, ஆனால் பெங்குவினைப் பார்க்கவேண்டும். அம்மா, நீங்கள் பறந்து போங்கள். இதில் வீரம் ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: சிலியின் புன்டா அரேனாஸ் ஊரிலிருந்து போகிற விமானம் கிங் ஜார்ஜ் தீவில் சிலியின் நிலையத்துப் பக்கத்தில் ஜல்லி ஓடுதளத்தில் இறங்கும். பனிமூட்டம் இருந்தால் இறங்காது. ஓட்டலில் மூட்டையோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்கு ஒன்றிரண்டு நாள் கையிருப்பு வைத்துத் திட்டமிடுங்கள்.

கேள்வி கேட்ட தம்பி, உங்களுக்கு நான் சொல்வது வேறு. உங்களுக்கு வயது 34 என்று சொல்லியிருக்கிறீர்கள், இதயம் நன்றாக இருக்கிறது, விடுப்பு மட்டும்தான் பிரச்சினை. விடுப்பு இல்லையென்றால் பறந்து போங்கள். 'வீண்' என்பதால் பறக்காதீர்கள்.

2024 மார்ச் 15

பனியில் கப்பலை இழந்து உதவி தேடிப் படகில் போன ஆய்வுப்பயணி ஷாக்கில்டனைப் பற்றிய உரை கேட்டீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்காமல் விடுவார்களா, ஒவ்வொரு கப்பலிலும் அது உண்டு போல. ஆறு பேர், 6.9 மீட்டர் படகு, 1916 ஏப்ரல் 24இல் எலிஃபன்ட் தீவிலிருந்து கிளம்பி மே 10இல் தெற்கு ஜார்ஜியா, ஏறக்குறைய 1300 கிலோமீட்டர். வழி கணித்த வொர்ஸ்லிக்கு அத்தனை நாளில் சூரியனைக் கருவியில் பிடிக்கக் கிடைத்தது நாலே நாலு தடவை.

எனக்கு மனதில் நின்றது அதுவல்ல. அவர்களுடைய தூங்கும் பைகள் கலைமான் தோல். ஈரத்தில் மயிர் உதிர்ந்து, அது சாப்பாட்டிலும் வாயிலும் மூக்கிலும் போய்க்கொண்டே இருந்ததாம். முதல் நாள் நான் அழுதது தலையணை உறை ஈரமாகிவிட்டது என்று. இதை அந்த உரையின்போது யாரிடமும் சொல்லவில்லை.

2024 மார்ச் 17

திரும்பி வரும் கடல் நாள்கள் வேறு ஜாதி. உரைக்குப் பாதிக் கூடம்தான் வரும். பூட்ஸைத் திருப்பிக்கொடுக்கும் வரிசை, பில் கட்டும் வரிசை, படங்களைப் பென்டிரைவில் மாற்றும் வரிசை. கப்பல் போன பாதையை வரைந்த கடல் வரைபடத்தை ஏலம் விட்டார்கள், தொகை ஆல்பட்ராஸ் பாதுகாப்புக்கு, நான் முதல் இரண்டு கேட்புக்குக் கை தூக்கிவிட்டு மூன்றாவதில் இறக்கிவிட்டேன். கடல் இந்தத் தடவை ஏரிதான். அதற்கு அவர்கள் 'டிரேக் லேக்' என்பார்கள், மற்றதற்கு 'டிரேக் ஷேக்'. யாருக்கும் குமட்டவில்லை, யாரும் ஒருவரை ஒருவர் விசாரிக்கவும் இல்லை. போகும்போது முன்பின் தெரியாத ஒருவர் என் கதவைத் தட்டி உப்பு பிஸ்கட் வைத்துவிட்டுப் போனார். வரும்போது அதே ஆள் எதிரே உட்கார்ந்து தன் கைப்பேசியில் படம் அழித்துக்கொண்டிருந்தார்.

டிவியில் எண் ஏறிக்கொண்டே வந்தது. ஜெர்மன் அம்மா அதைக் குறிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். 'நோயாளி வீட்டுக்குப் போகிறார்' என்றார்.

2024 மார்ச் 18

தரைக்கு வந்தபின்னும் ஆடுகிற மாதிரி இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், ஆடும். உஷுவாயா விடுதியின் குளியலறையில் கண்ணை மூடி முகம் கழுவினேன், சுவர் வந்து தோளில் இடித்தது. மூன்று நாள் இருந்தது. ஊர் திரும்பி அடுப்படியில் நிற்கும்போது இடது கை தானாக மேடையைப் பிடித்துக்கொள்கிறது என்று மருமகள்தான் கவனித்துச் சொன்னாள்.

2024 மார்ச் 21

தம்பி டிசம்பருக்குக் கப்பலே பதிவுசெய்துவிட்டாராம், மூன்று பேர் கேபின். நல்லது. கீழ்ப்படுக்கை கேளுங்கள், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள், மேல்தளம் வேண்டவே வேண்டாம், அங்கேதான் ஆட்டம் அதிகம். பழைய பையைக் கொண்டுபோனால் வெல்க்ரோவை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். முதல் ராத்திரி கால்வாயில் இருக்கும்போதே, எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, மாத்திரையைப் போட்டுவிட்டு, இழுப்பறையில் ஒரு துணியைச் செருகிவிட்டு, பல்துலக்கும் டம்ளரை எடுத்துத் தரையில் வைத்துவிடுங்கள்.